ஆறு நிமிடச் சூடு: என்புக் கட்டிக்கான ஊசிச் சிகிச்சை பற்றிய மதிப்பீடு

கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் எனது பதின்மூன்று வயது மகனின் தொடையென்பிலிருந்த சிறு கட்டிக்குச் செய்யப்பட்ட வெப்பச் சிகிச்சையைப் பற்றி, அவனுடன் ஏழு மாதம் இரவில் விழித்திருந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனாக இதை எழுதுகிறேன். சிகிச்சைக்கு முழுப் புள்ளி கொடுப்பேன். அதைச் சுற்றியிருந்த சேவைக்குப் பாதிதான்.

அவனது வலது தொடையென்பிலிருந்த நோ பகலில் அடங்கிக் கிடந்து இரவில் எழும்பும். ஊரில் எல்லோரும் அதை ‘வளர்த்தி நோ’ என்றார்கள். ஆனால் வளர்த்தி நோ பெரும்பாலும் இரு கால்களிலும் வருவது, இதுவோ ஒரே இடத்தை விட்டு அசையவில்லை. பனடோலுக்கு மசியாத அந்த நோ ஐபுபுரூபனுக்கு அடங்கியது. டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டுமென்ற பயத்தில் அவ்வகை மாத்திரைகளை ஒதுக்கிப் பழகிய நாங்கள் அதைத் தயங்கித் தயங்கியே கொடுத்தோம். கட்டியின் நடுப்பகுதியான கரு சுரக்கும் புரொஸ்ரகிளாண்டின் என்ற இரசாயனமே நோவுக்குக் காரணம், அச்சுரப்பை அந்த மாத்திரை தடுக்கிறது என்பதால், அதுவே நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று பின்னர்தான் அறிந்தோம். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் பிடிபடவில்லை. சீ.ரி. ஸ்கானில்தான் ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத கரு தெரிந்தது. 1935இல் ஜஃபே என்பவர் தனி நோயாக விவரித்த ஒஸ்ரியோயிட் ஒஸ்ரியோமா அது, புற்றுநோயல்ல.

முன்பெல்லாம் என்பைத் திறந்து கருவைச் செதுக்கி எடுப்பார்கள், தொடையென்பென்றால் பின்னர் முறியும் அபாயமும் உண்டு. 1992இல் அமெரிக்காவில் ரோசென்தால் என்ற வைத்தியரின் குழுவினர் அறிக்கையிட்ட முறையிலோ, முழு மயக்கத்தில் கிடத்தி, சீ.ரி. படத்தைப் பார்த்தபடி என்பில் சிறு துளையிட்டு, கருவின் நடுவில் ஊசி மின்வாயை நிறுத்துகிறார்கள். ஊசி பழுக்கக் காய்ச்சப்படுகிறது என்று நான் எண்ணியிருந்தேன், அப்படியல்ல. ரேடியோ அலைவரிசை மின்னோட்டம் ஊசி முனையைச் சுற்றியுள்ள இழையத்தின் மின்னேற்றம் கொண்ட அயன்களை அதிரவைக்க, அந்த உராய்விலேயே வெப்பம் பிறக்கிறது. ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ், ஆறு நிமிடம். வெந்துபோகும் பகுதி ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலமே. ஆகவே கட்டி முள்ளந்தண்டுக்கோ பெரிய நரம்புக்கோ அருகில் இருந்தால் மிகுந்த அவதானம் வேண்டும் என்று வைத்தியர் சொன்னார்.

மறுநாள் காலை மகன் நடந்தான். காயத்தை ஒரு சிறு பிளாஸ்ரர் மூடிவிட்டது. ஊசி ஏறிய இடத்தில் இரண்டு நாள் கன்றல் இருந்தது, பழைய நோ முதல் இரவிலேயே இல்லை.

குறை வேறு இடத்தில். சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் விடுதியில் இருந்திராவிட்டால், சிலருக்கு நோ திரும்பி வந்து இரண்டாம் முறையும் செய்யவேண்டி நேரலாம் என்பதை அறியாமலே கையொப்பமிட்டிருப்பேன். ஒருமுறை மட்டுமே பாவிக்கும் அந்த ஊசியின் விலை முதற் கணக்கில் இல்லாமல் இறுதிப் பட்டியலில் வந்து நின்றது. மூன்று மாதம் உதைபந்தாட்டம் கூடாது என்ற அறிவுறுத்தலைக்கூட, யாழ் புகையிரதத்துக்கு நேரமாகிறதே என்ற அந்தரத்தில், நானாகக் கேட்டுத்தான் எழுதி வாங்கினேன்.