வகுப்பறைக்கு ஃபெட்டா, கான் அகாடமியா?

ஃபெட் (PhET), கான் அகாடமி இரண்டும் பாடம் கற்க உதவும் இணையதளங்கள்; இரண்டும் இலவசம். வகுப்பில் ஒரே ஒரு கணினியும் புரொஜெக்டரும்தான் இருக்கிறது என்றால் என் தேர்வு ஃபெட். இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தத் தளத்தில் பாடம் நடத்துபவர் ஆசிரியர்தான். தளம் தருவது திரையில் அசைத்துப் பார்க்கும் உருவகங்களை (சிமுலேஷன்) மட்டுமே. எச்டிஎம்எல்5 (இணையப் பக்கங்களுக்கான மொழி) வகை உருவகங்களை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். சில தமிழிலும் உண்டு.

அணுகல்தன்மையில், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதில், ஃபெட் எடுத்திருக்கும் அக்கறை பெரியது. நிலைமின்சார உருவகத்தில் பார்வையற்ற மாணவி விசைப்பலகையாலேயே பலூனைப் பிடித்து, ஸ்வெட்டரில் தேய்க்கலாம். மின்னூட்டம் எப்படி மாறுகிறது என்பதைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருள்) சொல்லும். ஆனால் எல்லா உருவகங்களிலும் இந்த வசதி கிடையாது. பாடத்துக்கு எடுக்கும் முன் மவுஸைத் தொடாமல் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

கான் அகாடமி வேறு வகை. வீடியோ, பயிற்சிக் கணக்கு, படிப்படியான குறிப்பு, யார் எங்கே தடுமாறுகிறார் என்று ஆசிரியருக்குக் காட்டும் பக்கம் எல்லாம் உண்டு. வசன வரிகள் இருப்பதால் காது கேளாத பிள்ளைகளுக்கும் உதவும். ஆனால் விளக்குபவர் 'இதை இங்கே கொண்டுபோனால்' என்று சொல்லிக்கொண்டே எழுதினால், பார்வையற்ற பிள்ளைக்கு எது, எங்கே என்று புரியாது. அப்புறம், பயிற்சி செய்ய ஆளுக்கொரு திரையும் நிலையான இணைப்பும் வேண்டும். கணினி ஆய்வகம் உள்ள பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு இதைத் தாராளமாக எடுக்கலாம்.