ஐமோ 35 எம்எம்: போர்க்களக் கேமராவை இன்று வாங்கலாமா?

1925-இல் அமெரிக்க நிறுவனமான பெல் அண்ட் ஹோவெல் கொண்டுவந்த சினிமா கேமரா இது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவப் படப்பிடிப்பாளர்களும் இதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மின்சாரம், பேட்டரி எதுவும் தேவையில்லை. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் ஓட்டும், அவ்வளவுதான்.

உள்ளே 100 அடி ஃபிலிம் சுருள் போகும். நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் அது சுமார் 67 நொடிதான். அதுவும் ஒரே முறுக்கில் முழுச் சுருளும் ஓடி முடியாது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் முறுக்கிவிட வேண்டும். போர்க்காலப் படங்களில் ஷாட்டுகள் துண்டு துண்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கேமரா வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது கிரீஸ். அது காய்ந்து இறுகியிருந்தால் ஸ்பிரிங் திணறும், ஓட்டம் மந்தமாகும், திரையில் ஆட்கள் வேகமாக நடப்பார்கள். குளிரிலும் இதே தொல்லை. ஃபிலிம் மாட்டும்போது லூப் (தளர்வாக விடும் வளைவு) சிறுத்துவிட்டால் படம் நடுங்கும், ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழியும். சுருளை நிழலில் மாற்றுங்கள். அப்படியும் முதல் சில அடிகளில் ஒளி கசியும், அங்கே முக்கியக் காட்சியை வைக்காதீர்கள்.

வியூஃபைண்டர் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தில் எடுத்தால் படத்தின் ஒரு பக்கம் வெட்டுப்படும். இரைச்சலும் அதிகம், நேரடி ஒலிக்கு உதவாது. பேட்டிகளுக்கு வேண்டாம். ஆனால் கார் மோதும் காட்சியில் தரையோடு வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள இதைவிடத் தைரியமான பெட்டி கிடைக்காது.