மிளகு அடங்கிய பிறகு: முதிர்ந்த ஆஸ்திரிய வெள்ளை ஒயின்கள்

ஆஸ்திரியாவின் இனிப்பற்ற வெள்ளை ஒயின்களைப் பெரும்பாலோர் வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே குடித்துவிடுகிறார்கள். அவை பத்தாண்டு கடந்தால் எப்படி இருக்கும் என்பதை அறிய விரும்புவோருக்கு, டான்யூப் நதிக்கரையில் உள்ள கிரெம்ஸ் நகரின் சிறிய ஒயின் கடை ஒன்று தன் நிலவறையிலிருந்து பழைய பாட்டில்களை எடுத்துத் திறந்து தருகிறது. நான் அங்கே நான்கை ருசித்தேன்.

முதலாவது, வாக்காவ் பகுதியின் ஆஹ்லைட்டன் சரிவில் விளைந்த 2013ஆம் ஆண்டின் க்ரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின், அப்பகுதியின் உச்ச நிலையான ஸ்மராக்ட் தரம். கல் அடுக்குச் சுவர்களின் மேல் வெயில் காயும் பச்சைப் பல்லியின் பெயரைத் தாங்கிய இந்தத் தரத்துக்குக் குறைந்தது 12.5 சதவீத ஆல்கஹால் வேண்டும். இளமையில் இந்தத் திராட்சையின் அடையாளம் வெள்ளை மிளகு வாசனை; மிளகிலும் உள்ள ரொட்டண்டோன் என்ற சேர்மமே அதற்குக் காரணம். இங்கே அந்த மிளகு அடிநாக்குக்கு இறங்கி, வறுத்த முந்திரியும் தேன்மெழுகும் மேலே வந்திருந்தன. ஆனால் தித்திப்பு துளியும் இல்லை, விழுங்கிய பின்னும் புளிப்பு நெடுநேரம் நாக்கை விட்டு அகலவில்லை. அன்றைய மாலையில் மிகச் சிறந்தது இதுவே.

அதே திராட்சையில், அதே தரத்தில், லொய்பென்பெர்க் சரிவின் 2015 என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. வெயில் மிகுந்த ஆண்டின் கனிவும் கனமும் அதில் இருந்தன. அவற்றைத் தாங்கிப் பிடிக்கப் போதிய புளிப்பு இல்லாததால், இரண்டாவது வாயிலேயே ஆல்கஹாலின் சூடு முன்னால் வந்து நின்றது. கனமான ஒயின்தான் நீண்ட நாள் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பக்கத்துக் கோப்பையில் இருந்த 2013 வேறு கதை சொன்னது.

மூன்றாவது, காம்ப்டால் பகுதியின் ஹைலிகென்ஷ்டைன் குன்றில் விளைந்த, ரீஸ்லிங் என்ற வேறொரு வெள்ளைத் திராட்சையின் 2013 ஒயின். மூக்கருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் நெடி எழும். பழகாதவர் முகம் சுளிக்கலாம்; ஆனால் இது குறையன்று, முதிரும் ரீஸ்லிங்கில் டி.டி.என். என்ற சேர்மம் உருவாவதால் வருவது. கால் மணி நேரம் கோப்பையில் விட்டதும் அந்த நெடி பின்வாங்க, காய்ந்த ஆப்ரிகாட்டும் எலுமிச்சைத் தோலின் இளங்கசப்பும் தெளிவாகத் தெரிந்தன.

நான்காவது பாட்டிலும் ரீஸ்லிங்தான். அதில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தது; பழமும் மணமும் அடியோடு மழுங்கியிருந்தன. கார்க்கினால் வரும் கேடு இது என்று நான் சொல்ல, வயதானால் அப்படித்தான் என்று கடையில் சாதித்தார்கள், விலையையும் குறைக்கவில்லை. ஆஸ்திரியத் தயாரிப்பாளர்கள் பலர் திருகு மூடிக்கு மாறிவிட்டதன் நியாயம் அப்போது நன்றாகவே புரிந்தது.

இன்னொரு குறை, எல்லாவற்றையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுகிறார்கள். முதிர்ந்த ஒயினின் மணம் அந்தக் குளிரில் திறப்பதில்லை. ஏறத்தாழ 12 டிகிரிக்கு வரும்வரை கோப்பையை உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. புறப்படும்போது 2013 க்ரூனர் வெல்ட்லீனரில் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கினேன், இரண்டும் திருகு மூடி போட்டவை.