பாரு உள்ளேயா, வெளியேயா? கடல் எண்ணெய் வரைபடங்கள்: ஓர் ஒப்பீடு

"மக்களே, படம் அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் பாரு இதற்கு உள்ளேயா, வெளியேயா?"

குளச்சலில் வலை செப்பனிடும் கொட்டகையில் நான் விரித்த கடல் எண்ணெய் உரிம வரைபடத்தைப் பார்த்து ஒரு விசைப்படகுக்காரர் கேட்டார். பாரு என்றால் கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டு. விழித்தேன். தாளில் மூன்று சிவப்புக் கட்டங்கள் இருந்தன; கட்டத்தின் மூலைகளுக்கு எண் இல்லை. சரி, பாரு எங்கே என்று சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டார். பாரு இருக்கும் இடத்தை உடன்பிறந்தவனிடமே சொல்லாத ஊரில் நான் கேட்டது தப்புதான். அன்று முதல் எந்த நாட்டின் எண்ணெய் உரிம வரைபடத்தைப் பார்த்தாலும் அவருடைய கேள்வியை வைத்தே உரசிப் பார்க்கிறேன்.

முதலில் நம்முடையது. 2017இல் வந்த திறந்த பரப்பு உரிமக் கொள்கைப்படி, வேண்டிய கடற்பரப்பை நிறுவனமே வெட்டிக் கேட்கலாம். பிறகு அது ஏலத்துக்கு வரும். அப்படி எட்டாம் சுற்றில் ஓஎன்ஜிசிக்குப் போன மூன்று பிளாக்குகள், அதாவது உரிமப் பரப்புகள்தான் இங்கே பேச்சு. மூன்றும் சேர்த்து 27,154 சதுர கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தைப்போல் பதினாறு மடங்கு. 'சிஒய்-யுடிடபிள்யுஹெச்பி-2022/1' என்பது முதல் பிளாக்கின் பெயர். காவிரிப் படுகை, அதி ஆழ்கடல், 2022 என்ற விவரமெல்லாம் அதற்குள் இருக்கிறது. இடம் மட்டும் இல்லை. (பழையாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் கடல் காவிரியின் கணக்கில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.) மூலைகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஏல ஆவணங்களில் பாகை, நிமிடம், வினாடியாகக் கிடைக்கும். ஏலம் கேட்பவருக்கு அது போதும்.

படகுக்காரருக்குப் போதாது. அவருடைய ஜிபிஎஸ் பாகையையும் தசம நிமிடத்தையும் காட்டுகிறது. 30 நிமிடம் 30 வினாடி என்பதை நான் ஒருமுறை 30.30 என்று எழுதிக்கொடுத்துவிட்டேன், 30.50 என்று எழுதியிருக்க வேண்டும். பார்க்கச் சின்னப் பிழை. கடலில் அது 370 மீட்டர். ஒரு பாரு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் பிரிட்டன் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கடலைப் பெரிய சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் முப்பது பிளாக்காகப் பிரித்திருக்கிறார்கள். 9/13 என்றால் ஒன்பதாம் சதுரத்தின் பதின்மூன்றாம் பிளாக். பெயரைக் கேட்டதும் கை வரைபடத்தின் சரியான மூலைக்குப் போய்விடும். எல்லைக் கோப்புகளையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பொறி உண்டு. அங்கே உரிமங்களை ஈடி50 என்ற பழைய ஐரோப்பிய அளவு அடிப்படையில் எழுதினார்கள். அளவு அடிப்படை என்பது அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எங்கிருந்து எண்ணுவது என்ற கணக்கு. ஜிபிஎஸ் கருவியின் அடிப்படை டபிள்யுஜிஎஸ் 84. இரண்டுக்கும் நூறு மீட்டர் அளவுக்கு வித்தியாசம். அவர்கள் இரண்டு வகைக் கோப்புகளையும் தருகிறார்கள். எது எது என்று பார்க்காமல் எடுத்தால் பழி நம்மேல்தான்.

அதே வட கடலின் மறுகரையில் நார்வே. அங்கே சதுரத்துக்குப் பன்னிரண்டு பிளாக்குகள்தான். எனவே இரு நாட்டுக் கடலையும் பிரிக்கும் நடுக்கோட்டின் இருபுறமும் கட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அது பெரிய குறையில்லை. என்னைக் கவர்ந்தது அவர்களுடைய நினைவாற்றல். 1965இல் முதல் சுற்றில் கொடுத்த உரிமம் முதல் இன்றுவரை எந்தப் பரப்பு யாரிடம் இருந்தது, எந்தப் பகுதியை எப்போது திருப்பிக் கொடுத்தார்கள், பங்காளிகள் எத்தனை விழுக்காடு என்பது வரை பொதுமக்களுக்குத் திறந்து கிடக்கிறது. வரைபடமும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. எண்ணெய் நிறுவனங்கள் பரப்பைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். பழைய எல்லையை வைத்துக்கொண்டு இங்கே கூட்டம் போட்டுக் கத்தினால், எதிர்த்தரப்பு ஒரே வரியில் வாயடைத்துவிடும். அதனால் என் மதிப்பெண்ணில் நார்வேதான் முதலிடம்.

அமெரிக்காவை நீண்ட நேரம் பார்க்கவில்லை. மெக்சிகோ வளைகுடாவில் மூன்று மைலுக்கு மூன்று மைல் என்ற கட்டங்கள், கோப்புகள் தாராளம், அளவு அடிப்படையோ 1927ஆம் ஆண்டினது. கட்டணம் வாங்கிக்கொண்டு உலகம் முழுவதையும் ஒரே வடிவில் தரும் வரைபடத் தொகுப்புகளும் உண்டு. மீனவர் சங்கத்தின் பணப்பெட்டிக்கு அவை கட்டுப்படியாகா.

தவிர்க்க முடியாதது இலங்கை. மன்னார் வளைகுடாவில் 2011இல் டொராடோ, பாரகுடா என்று இரண்டு இடங்களில் எரிவாயுவைக் கண்டுபிடித்தது கெய்ர்ன் நிறுவனம். அந்தப் பிளாக்கின் எண் 'எஸ்எல் 2007-01-001'. இங்கும் ஆண்டு இருக்கிறது, இடம் இல்லை. ஆனால் இரு நாட்டுக்கும் நடுவே உள்ள 1976ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தம் புள்ளிகளைப் பாகையிலும் தசம நிமிடத்திலும் எழுதிவைத்திருக்கிறது. ஜிபிஎஸ் இல்லாத காலத்து அதிகாரிகள், இன்றைய படகுக் கருவி காட்டும் வடிவத்திலேயே எழுதியிருக்கிறார்கள்! குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேடு இந்தியாவுக்கு என்று முடிவானதும் அப்போதுதான். அங்கே எண்ணெய் தேடத் தொடங்கினால் இலங்கைப் படகுகள் அந்தப் பகுதியில் மீன்பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்று அன்றைய கடிதங்களிலேயே இருக்கிறது.

வாட்ஜ் பேங்க் சுமார் இருநூறு மீட்டருக்குள் ஆழமுள்ள மேடு. அதி ஆழ்கடல் என்றால் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் கீழே. மேடு கோட்டுக்கு வெளியே இருந்தாலும், கோட்டுக்குள் நடக்கும் வேலையால் அதற்குப் பாதிப்பு வருமா என்பது வேறு கேள்வி. மீன் கோடு பார்த்து நீந்துவதில்லை. ஆனால் பிளாக்கையும் மேட்டையும் ஆழக்கோடுகளோடு ஒரே தாளில் வைக்காமல் பேசினால், அஞ்சுகிறவரும் மறுக்கிறவரும் வேறு வேறு கடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் முறை குளச்சலுக்குப் போனபோது படம் எடுத்துப் போகவில்லை. மூலைகளைத் தசம நிமிடத்துக்கு மாற்றி, மூன்று முறை சரிபார்த்து, அரைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் சுக்கான் அறைக்குள் போய், எனக்கு முதுகு காட்டி நின்று, ஒவ்வொரு எண்ணாகக் கருவியில் ஏற்றினார். கடைசி எண்ணுக்குப் பிறகு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயா, வெளியேயா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.