கல்லுக்கு நல்ல கை, எல்லைக்கல்லுக்கு அல்ல

மொரிஷியஸின் ஃபிளாக் பக்கம் மகளுக்காக வாங்கிய 10 பெர்ச் மனையை, அதாவது சுமார் 422 சதுர மீட்டரை, வீடு கட்டத் தயார் செய்வதற்குச் சென்ற மாதம் ஒரு பொக்லைன்காரரை அமர்த்தினோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

பழைய கரும்புக்காடு அது. மொரிஷியஸில் கரும்புக்காடு என்றால் பாதி மண், பாதி எரிமலைக் கல். வயல் நடுவே கோபுரம்போல நிற்கும் கல்மேடுகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பாட்டன் பாட்டிமார் கையால் பொறுக்கிக் குவித்த கல் அது. எங்கள் மனையில் மேடு எதுவும் இல்லை. அத்தனையும் மண்ணுக்குள் இருந்தது.

வேலையை முதல் நாள் முழுக்க வேலியோரம் நின்று பார்த்தேன். எடுத்த எடுப்பில் பாறையைப் பிடுங்கவில்லை அவர். கரண்டிப் பல்லால் சுற்றிலும் மெல்லச் சுரண்டுகிறார். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கிறார். அங்கே பல்லைக் கொடுத்து ஒரே நெம்பு. பீரோ அளவில் ஒன்று கிளம்பியது. அதை இயந்திரச் சுத்தியால் உடைத்தபோது பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. கரும்புத் தூர்களையும் மண் உதறி லாரியில் ஏற்றிவிட்டார். அப்படியே புதைத்தால் உள்ளே மக்கி, பின்னால் தரை இறங்கும். சோம்பேறிகள் புதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

கல் யாருக்கு என்பதில்தான் முதல் சச்சரவு. அப்புறப்படுத்தக் கூலி பேசியிருந்தோம். லாரியோ நேரே கல்லரைக்கும் ஆலைக்குப் போகிறது! கடல் மணல் அள்ளுவதை 2001-இல் நிறுத்திய பிறகு இங்கே கட்டட மணல் பெரும்பாலும் கல்லை அரைத்துத்தான் வருகிறது. கல் என்றால் காசு. "கூலியும் வாங்குவீர்கள், கல்லையும் விற்பீர்களா?" என்றேன். "லாரிக்கு டீசல் யார் போடுவது, மிஸ்?" என்றார். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் வாதாடினால் தோற்றுத்தான் போகிறேன். கடைசியில் கூலியைக் குறைத்து, மதிலுக்கு இரண்டு லாரிக் கல்லை விட்டுவைத்தார். நீங்கள் இதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாறை எடுத்த குழிகளை நிரப்பியதில் சறுக்கினார். மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, மேலே சக்கரத்தை ஓட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் மழையில் ஒரு சாண் இறங்கிவிட்டது. படம் எடுத்து அனுப்பினேன். மறுப்பேதும் சொல்லாமல் வந்து, தோண்டி, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் உருளை ஓட்டினார். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை. வாரி எடுத்த மேல்மண்ணைத் தோட்டத்துக்காக மூலையில் தனியாகக் குவிக்கச் சொல்லியிருந்தேன். அதுவும் சரளையோடு கலந்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

எல்லாவற்றையும்விட மனம் ஆறாதது எல்லைக்கல். கிழக்கு மூலையில் சர்வேயர் நட்டிருந்த கல்லை மற்ற கல்லோடு கல்லாக வாரி ஏற்றிவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது காத்ர் போர்ன் என்ற ஊரில். அந்தப் பிரெஞ்சுப் பெயருக்கே நான்கு எல்லைக்கல் என்றுதான் பொருள். எனக்கா இந்தச் சோதனை? சர்வேயரை மறுபடி வரவழைத்து அளந்து நடவேண்டியதாயிற்று. வேலை தொடங்குமுன் நான்கு மூலையிலும் கம்பி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். சர்வேயர் செலவில் பாதியைத் தந்துவிட்டார். மீதி தீபாவளிக்குள் என்கிறார்.