இலவச டனல் முகவரியைக் கழற்றாமல் விட்டுவிடாதீர்கள்

"ஐயா, உங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் என் கணினிக்கு வந்துகொண்டிருக்கின்றன. நிறுத்த முடியுமா?"

முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய இந்த மின்னஞ்சலை ஏதோ மோசடி என்று நினைத்து முதலில் அழித்துவிட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் ஒரு வாடிக்கையாளரின் பதிவு எண்ணையும், அவரைப் பற்றி எங்கள் விற்பனைப் பிரிவு எழுதி வைத்திருந்த குறிப்பின் முதல் நான்கு சொற்களையும் அனுப்பினார். அந்தக் குறிப்பு எங்கள் அலுவலகத்துக்கு வெளியே போக வழியே இல்லை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

நாங்கள் ஒரு வாடிக்கையாளர் மேலாண்மைத் தளத்தைச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறோம். அதில் யாருடைய விவரமாவது மாறினால் எங்கள் பில்லிங் மென்பொருளுக்கும் உடனே தெரிய வேண்டும். அதற்குத்தான் வெப்ஹூக். மாற்றம் நடந்ததும் நாம் கொடுத்து வைத்த முகவரிக்குத் தளமே விவரங்களோடு ஒரு போஸ்ட் கோரிக்கையை அனுப்பும். ஆனால் என் கணினியில் ஓடும் நிரலின் முகவரி 127.0.0.1. தளத்தின் சர்வர் அந்த முகவரியை அழைத்தால் தன்னைத்தானேதான் அழைத்துக்கொள்ளும். எனவே இடையில் ஒரு டனல் வேண்டும். இணையத்தில் ஒரு பொது முகவரியைக் கொடுத்து, அதற்கு வருவதையெல்லாம் நம் கணினியில் நிரல் காத்திருக்கும் போர்ட்டுக்குக் கடத்திவிடும் சேவை அது.

இலவசத் திட்டம் ஒன்றைப் பிடித்தேன். அதன் முகப்பில் "உங்களுக்கே உரிய முகவரி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கே உரியது என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று மேலாண்மைத் தளத்தின் உதவிப் பிரிவைக் கேட்டேன். அது உயர்ந்த திட்டத்தில் மட்டும்தான் உண்டாம். "நேரடிக் கணக்கிலேயே சோதியுங்கள், வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது" என்று எழுத்திலேயே பதில் தந்தார்கள். வடிகட்டி, அதாவது எந்த மாற்றங்களை அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை, போட்டேன். அது புதிதாகச் சேரும் தொடர்புகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஏற்கெனவே உள்ளவர்களின் விவரம் மாறும்போது தலையிடாது என்பதை அவர்களும் சொல்லவில்லை, ஆவணத்திலும் அது இல்லை.

நான்கு நாள் சோதித்தேன். அதில் ஒரு நாள் முழுவதும், அனுப்பியது தளம்தான் என்று காட்ட ஒவ்வொரு கோரிக்கையோடும் வரும் கையொப்பத்தின் சிக்கலில் போயிற்று. வருகிற ஜேசனை (தகவலை எழுதி அனுப்பும் ஒரு வடிவம்) பிரித்து, திரும்பக் கட்டி, அதன்மேல் எச்மேக்கை (ரகசியச் சாவி கொண்டு போடும் கையொப்பம்) கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். தளம் தமிழ்ப் பெயர்களை யூனிகோடு எண்களாக மாற்றி அனுப்புகிறது, என் நிரலோ திரும்பக் கட்டும்போது எழுத்துகளாகவே எழுதிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், பைட்டுகள் வேறு, கையொப்பம் எப்படிப் பொருந்தும்? வந்த கோரிக்கையின் உள்ளடக்கத்தைப் பிரிப்பதற்கு முன், வந்தபடியே எடுத்துக் கணக்கிட வேண்டும். இதில் தலைமுடியைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால்தான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வேலை முடிந்தது. டனல் ஓடிக்கொண்டிருந்த டெர்மினலை (கட்டளைச் சாளரத்தை) மூடினேன். மேலாண்மைத் தளத்தில் பதிந்து வைத்திருந்த வெப்ஹூக்கை நீக்கவில்லை. இது என் பிழை, மறுக்கவில்லை. ஆனால் அப்போது என் மனத்தில் ஓடிய கணக்கு இதுதான்: டனல் மூடிவிட்டது, கோரிக்கை போய்ச் சேராது, தளம் சில முறை முயன்று பார்க்கும், தோல்விக்கு மேல் தோல்வி வந்தால் தானே நிறுத்திவிட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். பல தளங்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. இந்தத் தளத்தின் ஆவணமும் அப்படித்தான் சொன்னது.

கோரிக்கை போய்ச் சேர்ந்தது. நான் டெர்மினலை மூடியதும் "எனக்கே உரிய" அந்த முகவரி பொதுக் குவியலுக்குத் திரும்பிப்போய், வேறொரு நிரலருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவரும் ஏதோ ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். எந்தப் பாதையில் எது வந்தாலும் 200, அதாவது "சரி, கிடைத்தது", என்று பதில் சொல்லும்படி அவருடைய நிரல் இருந்தது. 200 கிடைத்தால் தளத்துக்குத் திருப்தி. தோல்வியும் இல்லை, மறுமுயற்சியும் இல்லை, எச்சரிக்கை மின்னஞ்சலும் இல்லை. 11 நாள் என் அமைப்புப் பக்கத்தில் அந்த வெப்ஹூக்குக்கு எதிரே பச்சைப் புள்ளி ஒளிர்ந்துகொண்டிருந்தது. சிவப்பாக மாறியிருந்தால் முதல் நாளே பார்த்திருப்பேன்.

"கையொப்பம் இருக்கிறதே, எச்.டி.டி.பி.எஸ். இருக்கிறதே, அப்புறம் எப்படி?" என்று என் மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி, பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கையொப்பம் பெறுபவருக்கான காவல். இதை அனுப்பியது உண்மையில் அந்தத் தளம்தானா, வழியில் யாராவது திருத்தினார்களா என்று அவர் சரிபார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை அது மறைக்காது. கடிதத்தின் கீழே போடும் கையெழுத்து கடிதத்தை மூடிவைக்குமா? எச்.டி.டி.பி.எஸ். வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். ஆனால் அந்த முகவரிக்கு இன்று யார் சொந்தக்காரரோ அவரிடம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதேதான். அதோடு, இத்தகைய சேவைகளில் மறையாக்கம் பெரும்பாலும் டனல் நிறுவனத்தின் சர்வரிலேயே அவிழ்ந்துவிடுகிறது. முகவரி என்னிடம் இருந்த நான்கு நாளும் அவர்கள் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் படித்திருக்க முடியும். இது எனக்கு உறைத்தபோது தாமதமாகிவிட்டது.

இன்னொன்று. சில தளங்கள் வெப்ஹூக்கில் பதிவு எண்ணை மட்டும் அனுப்பும், விவரம் வேண்டுமானால் நாம் நமக்குரிய ரகசியச் சாவியோடு போய்க் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் தளம் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், குறிப்பு என்று முழுப் பதிவையும் அள்ளிக் கொடுக்கும் வகை. குறைத்து அனுப்பும் வசதி அதில் கிடையாது. பதிவு எண் மட்டும் போயிருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டியிருக்காது.

உதவிப் பிரிவுகளின் லட்சணத்தையும் கேளுங்கள். டனல் நிறுவனம் மூன்றாம் நாள் பதில் அனுப்பியது: இலவசத் திட்டத்தில் முகவரி இணைப்பு இருக்கும்வரைதான் உங்களுடையது, விதிமுறையில் இருக்கிறது, பாருங்கள். பார்த்தேன், இருந்தது, எங்கோ அடியில் ஒரு பாதி வாக்கியமாக. அப்படியானால் முகப்பில் உள்ள கொட்டை எழுத்துக்கு என்ன பொருள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. நான் மூடிய பிறகு அந்த முகவரிக்கு எத்தனை கோரிக்கைகள் வந்தன என்று கேட்டதற்கு, இலவசப் பயனாளர்களுக்குப் பதிவேடு தருவதில்லை என்றார்கள்.

மேலாண்மைத் தளத்தார் இன்னும் நேர்த்தி. "எல்லாக் கோரிக்கைகளுக்கும் 200 வந்திருக்கிறது, எங்கள் பக்கம் கோளாறு இல்லை." சொல்லுக்குச் சொல் உண்மைதான். அனுப்பிய பட்டியலைக் கேட்டேன். கடைசி 7 நாள் மட்டுமே காட்ட முடியுமாம். அதற்கு முந்தைய 4 நாளில் யார் யாருடைய விவரம் போயிற்று என்பதை அறிய அவர்களிடம் வழி இல்லை. கடைசியில் எங்களுக்குப் பட்டியல் கொடுத்தவர் அந்த முகம் தெரியாத நிரலர். தன் டெர்மினல் பதிவிலிருந்து பதிவு எண்களை மட்டும் எடுத்து அனுப்பினார், 63 பேர். பிறகு தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டதாகச் சொன்னார். அவர் சொல்லை நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை. நல்ல மனிதர் கையில் போய் விழுந்தது எங்கள் அதிர்ஷ்டம். 63 பேருக்கும் நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டோம். அந்தக் கடிதத்தின் வரைவு ஒன்பது முறை திருத்தப்பட்டது.

இப்போது என் பழக்கம் மாறிவிட்டது. வெப்ஹூக்கைப் பதிவதும் நீக்குவதும் ஒரே நிரலின் வேலை. டனல் எழும்போது பதியும், கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் முதலில் நீக்கிவிட்டுத்தான் டனலை மூடும். கணினி திடீரென்று அணைந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது என்பதால், மாலையில் ஒரு முறை கண்ணாலும் பார்த்துவிடுகிறேன். டனலுக்கு எங்கள் சொந்த டொமைனின் கீழ் ஒரு பெயர். எங்களிடமே ஒரு சிறிய சர்வர் இருக்கிறது, எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அதன் போர்ட்டை என் கணினிக்குத் திருப்பிக்கொள்கிறேன். இணைப்பு போனால் அந்தப் பெயர் யாருக்கும் போகாது, 502 என்ற பிழை வரும், சிவப்புப் புள்ளி எரியும். எனக்கு வேண்டியது அந்தச் சிவப்புத்தான்.

சொல்லப்போனால் டனலே பெரும்பாலும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஒரு கோரிக்கையை, தலைப்புகளோடு, ஒரு கோப்பில் பிடித்து வைத்துக்கொண்டேன். பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டு, மின்னஞ்சல்களுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் போட்டேன். அது 1999ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட பெயர், யாருக்கும் போய்ச் சேராது. உள்ளடக்கத்தை மாற்றியதால் பழைய கையொப்பம் செல்லாது, சோதனைக்கென்று ஒரு ரகசியச் சாவியை வைத்துப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பிறகு கர்ல் என்ற கட்டளைக் கருவி கொண்டு என் போர்ட்டுக்கே எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரே நிகழ்வு இரண்டு முறை வந்தால், வரிசை மாறி வந்தால் என் நிரல் என்ன செய்கிறது என்பதையெல்லாம் இப்படித்தான் ஒழுங்காகச் சோதித்தேன். தளத்தின் "சோதனை" பொத்தான் அதையெல்லாம் செய்து காட்டாது.

எல்லாம் அடங்கிய பிறகு அமைப்புப் பக்கத்தில் எங்கள் வெப்ஹூக் பட்டியலை முழுவதும் இறக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத இன்னும் ஒன்று இருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு சக ஊழியர் பதிந்தது, வேறொரு இலவச டனலின் முகவரி. அதற்கு எதிரேயும் பச்சைப் புள்ளி.