சாரணைக்கு மூடாக்கு, கோரைக்கு எது? களைக்கொல்லி இல்லாத வழிகள்

களைக்கொல்லி தெளிக்காமல் களையை அடக்க எந்த முறை நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பாத்தியில் முளைத்திருப்பது சாரணையா, கோரையா? சாரணை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் எல்லாம் விதையால் பெருகுபவை. கோரை கிழங்காலும், அருகு தண்டாலும் பரவுபவை. முதல் கூட்டத்தை அடக்கும் முறை இரண்டாவதிடம் பலிப்பதில்லை.

விதைக் களைகளுக்கு மூடாக்குதான் என் முதல் தேர்வு. வைக்கோல், கரும்புத் தோகை, காய்ந்த இலை என எது கிடைத்தாலும் 3 அங்குலத்துக்குக் குறையாமல் பரப்ப வேண்டும். வெளிச்சம் படாததால் பெரும்பாலான சிறு விதைகள் முளைக்காமலே கிடக்கும். கோடையில் ஈரமும் காயாது. வைக்கோலில் ஒட்டியிருக்கும் நெல் முளைத்து வருவது சிறு தொல்லை, பிடுங்கிவிடலாம். கறையான் உள்ள இடத்தில் காய்ந்த தென்னை மட்டையைத் தவிர்ப்பது நல்லது. செடியின் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடாவிட்டால் மழைக்காலத்தில் தண்டு அழுகும். அந்த மாதங்களில் நத்தையும் மூடாக்குக்குள் பதுங்கும்.

கைக்களை எடுப்பது மெதுவான வேலை. ஆனாலும் நெருக்கமாக விதைத்த கீரைப் பாத்தியில் வேறு வழியே இல்லை. மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, களை பூப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பார்த்தீனியம் தோலில் அரிப்பைத் தரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூடாக்குக்கு இல்லாத ஒரு நன்மையும் இதில் உண்டு: பருப்புக்கீரையும் பண்ணைக்கீரையும் அடையாளம் தெரிந்தவர் கையில் களையாகாமல் சமையலறைக்குப் போய்விடுகின்றன.

புதிதாகப் பாத்தி போடுபவர்களுக்கு வெயிலே துணை. சித்திரை, வைகாசியில் மண்ணைக் கொத்திச் சமன் செய்து, நன்றாக நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளுக்கு அடியில்தான் மண் அதிகம் சுடும். ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயாராகிவிடும். அதன்பின் ஆழமாகக் கொத்தக்கூடாது. கொத்தினால் சூடு எட்டாத ஆழத்து விதைகள் மேலே வந்துவிடும். மரநிழல் விழும் தோட்டத்துக்கு இந்த முறை உதவாது.

வினிகரில் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் முறையை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சமையல் வினிகர் இலையைக் கருக்கும். வேர் பிழைத்துத் துளிர்க்கும். உப்போ மண்ணிலேயே தங்கி, அடுத்து நாம் வைக்கும் கத்தரியையும் வாட்டும். ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக உள்ள ஊர்களில் இது மண்ணுக்குச் செய்யும் கொடுமை. சிமெண்ட் இடுக்குகளில் முளைப்பவற்றுக்குக் கொதிநீர் போதும்.

இனி கோரை. இலையைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் அறுந்து வரும். சில நாளில் அதே இடத்தில் புதுக் குருத்து நிற்கும். ஈர மண்ணில் களைக்கொத்தை ஓரமாகச் செருகி நெம்பி, கம்பி போன்ற வேர்த்தண்டை விரலால் தொடர்ந்து போனால், நிலக்கடலைப் பருப்பளவு கறுத்த கிழங்கு தட்டுப்படும். நகத்தால் கீறினால் உள்ளே வெண்மை, மூக்கைத் துளைக்கும் வாசனை. ஒன்றோடு நிற்காது, சங்கிலியாக அடுத்தடுத்து இருக்கும். இடையில் அறுத்துவிட்டால் உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். பெரும்பாலானவை மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், பொறுமையாகச் சலித்து எடுக்க முடியும். நிழல் கோரைக்கு ஆகாது. எடுத்த இடத்தில் தட்டைப்பயறு நெருக்கமாக விதைத்தால் மிச்சம் முளைப்பவை மெலிந்து வரும். அவற்றையும் கிழங்கோடு தோண்டுங்கள். தோண்டிய கிழங்குகளைத் தப்பித் தவறியும் எருக்குழியில் போடாமல், மொட்டைமாடி வெயிலில் சுக்காகக் காயவிடுங்கள்.